வெள்ளிக்கிழமை பேசினார்களாம்!

காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்ததும் நேற்று வந்த ஒரு மெயில் காத்திருந்தது. ஆம்பூரில் இருக்கும் எங்கள் தோல் கம்பெனிக்கு கெமிக்கல் அனுப்பும் இத்தாலிக்காரர் பெயரில் வந்திருந்தது.

“இன்று காலை உங்கள் ஆபீஸுடன் போனில் பேசியபடி, எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது. பணத்தை உடனே புதிய கணக்குக்கு அனுப்பவும்.”

நேற்று வெள்ளிக்கிழமை. எங்களுக்கு வெள்ளிதான் வார லீவு. பூட்டிய ஆபீஸில் போனை எடுத்துப் பேசியது யார்? கேட்டில் படுத்திருக்கும் நாயா?

இத்தாலிக்காரரின் பழைய நம்பருக்கே போன் போட்டேன். “கணக்கு எதுவும் மாறவில்லையே!” என்று பதறினார்.

மேனேஜரிடம் சொன்னேன். “பணம்தான் போகலியே, விடும்மா. வெளிய தெரிஞ்சா கம்பெனிக்குத்தான் பேஜார்.”

“நாம வாய மூடிக்கினா அடுத்த கம்பெனிக்குப் போவான் சார்” என்று மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

அங்கிருந்த ஏட்டு சிரித்தார். “பணமே போகல, அப்புறம் இன்னா கம்ப்ளெயிண்ட்டு?”

“போனப்புறம் வந்தா, ‘முன்னாடியே ஏன் வரல’ன்னு நீங்கதான சார் கேப்பீங்க?”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். புகாரை வாங்கி ரசீது கொடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே தெரியக்கூடாது என்றார் மேனேஜர். இதோ, ஊருக்கே சொல்லிவிட்டேன். இதே மெயில் உங்களில் யாருக்கு வந்தது? கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள்.

அனுப்பிய புண்ணியவானும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அடுத்த முறை சனிக்கிழமை போன் பண்ணுங்கள். நான் ஆபீஸில்தான் இருப்பேன்.