தங்கையின் தலையணைக்குக் கீழே ஒரு தாந்தோ

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், எங்கள் வீட்டில் ஆறு கத்திகள் இருந்தன. ஆறும் எவர்சில்வர். தங்கை சாமத்தியப்பட்டபோது அவற்றில் ஒன்றுகூட அம்மாவுக்கு உதவவில்லை. பெரியபிள்ளையானவள் தனியறையில் இருக்கும் நாட்களில், காத்துக் கறுப்பு அண்டாமல் தலையணைக்குக் கீழே இரும்பு வைக்கவேண்டும். எவர்சில்வருக்கு எந்தப் பேயும் பயப்படாது என்பது அம்மாவின் கட்சி.

செவன் கிங்ஸில் கார்ப்பெட் விரிக்கிற வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, தன் வேலைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். ஜப்பான்காரர் தாந்தோ என்கிற குறுவாள் மாதிரிக் கத்தி. துருப்பிடிக்கக்கூடிய நல்ல இரும்பு என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

எனக்கு அப்போது பதினாலு வயது. பார்த்ததும் காதல். மற்றக் கத்திகள் நுனியை நோக்கி வளைந்து மெலிந்துபோகும். இதிலோ முதுகின் தடிப்பு கடைசிவரை வந்தது. முன்பக்கத்தைச் சரிவாக வெட்டிவிட்டதுபோல நேராக இன்னொரு விளிம்பு, இரண்டு விளிம்பும் சந்திக்கிற இடத்தில் ஒரு மூலை. தடித்த கார்ப்பெட்டில் குத்தி இறக்கினாலும் நுனி முறியாது, முன்விளிம்பால் தரையில் ஒட்டிக்கிடக்கிற பழைய பசையை உளிபோலச் சுரண்டலாம் என்று மாமா விளக்கினார். அந்தக் காலத்து ஜப்பான்காரர் பெரும்பாலும் வளைந்த நுனிதான் வைத்தார்களாம்; இந்த மூலை பிறகு வேறு நாட்டார் ஆசைப்பட்டுச் செய்ததாம். வெங்காயம் வெட்ட மட்டும் சரிவராது என்று ஒத்துக்கொண்டார்.

"அப்ப பேய்க்குத்தான் சரி," என்றார் அம்மா.

மூன்றாம் நாள் காலை, தங்கை நித்திரையாய்க் கிடக்க, கத்தியை உறையோடு எடுத்து, என் விளையாட்டுக் காலுறை ஒன்றுக்குள் திணித்து, புத்தகப் பையில் வைத்தேன். ஸ்கூலில் இரண்டு பேருக்கு அந்த மூலையைக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

ரயில் ஸ்டேஷன் வாசலில் கத்தியைக் கண்டுபிடிக்கிற மெஷின் வளைவு நின்றது. பக்கத்தில் நாலு பொலிஸ், ஒரு நாய். பெடியள் குத்துப்பட்ட செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்த காலம் அது.  நாய் என்னையே பார்த்தது. முன்தலை வெளித்து, வயிறும் வைத்துவிட்ட இந்த வயதில், அது யாரோ போட்ட கோழி எலும்பைத்தான் பார்த்திருக்கும் என்று தெரிகிறது. அன்றைக்கு அதற்கு என் விலாசமும் அம்மாவின் போன் நம்பரும் தெரியும் என்று நம்பினேன். திரும்பி நடந்தேன். ஒரே முடிவெட்டுக் கடையை மூன்று தரம் கடந்த பிறகு, பேர் ஊர் சொல்லாமல் கத்திகளைப் பொலிஸில் ஒப்படைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. போட்டால் திரும்ப எடுக்க ஏலாத பெட்டி. கோயில் உண்டியலில் போடுவதுபோலக் கண்ணை மூடி, காலுறையோடு போட்டேன். அன்றைய உதைபந்தாட்டத்தை ஒற்றைக் காலுறையோடு ஆடி முடித்தேன்.

பின்னேரம் வீட்டுக்குள் நுழைய, அம்மா தலையணையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கத்தி எங்கே என்று தங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

"அவளுக்கு இந்தச் சடங்கே பிடிக்கேல்லைத்தானே."

தங்கை என்னை ஒருமுறை பார்த்தாள். "ஓம், நான்தான் ஜன்னலாலை எறிஞ்சனான்," என்றாள்.

என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்பமுடியவில்லை. அம்மா அழுதார், ஏசினார், இனி ஏதும் நடந்தால் தன்னைக் கேட்கக்கூடாது என்றார். தனியிருப்பு முடிந்து தலைக்குத் தண்ணீர் வார்க்கிற நாள்வரை அவளோடு முகம்கொடுத்துப் பேசவேயில்லை. மாமா வந்து பின்வளவில் தேடினார். நானும் தேடினேன். பக்கத்து வீட்டு ரோசாப் பற்றைக்குள் தலையை விட்டு, காதில் முள் கீறக் கீற, என்னைப்போல மும்முரமாகத் தேடினவர் எவருமில்லை. மாமாவே இரங்கி, "காணும் மருமோன், விடு," என்று தூக்கிவிட்டார்.

தண்ணீர் வார்த்த அன்று, சேலை கட்டியிருந்த தங்கை என்னைப் படியோரம் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஸ்கூலிலை இப்ப ஒருத்தரும் உனக்கு அடிக்கிறேல்லையோ?"

"எனக்கு ஆர் அடிக்கிறது?" என்று சிரித்தேன்.

"அப்ப ஏன் அதைக் கொண்டுபோனனீ?"

அன்று காலை அவள் நித்திரையில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "சும்மா. பெடியளுக்குக் காட்ட," என்றேன்.

அவள் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள். அம்மாவிடம் சொல்லிவிடுவாளோ என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கவலை அவ்வளவோடு நின்றது. கத்தி போன மறுநாளிலிருந்து, ஸ்கூல் விட்டு நான் வாசல் கதவைத் திறந்த ஒவ்வொரு பின்னேரமும், அடைத்த அறைக்குள்ளிருந்து அவள் "அண்ணாவோ?" என்று ஏன் கேட்டாள் என்று அந்தப் பதினாலு வயது மண்டைக்குள் ஓடவேயில்லை. ஒவ்வொரு நாளும், "வேறை ஆர்?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.