அப்பா இல்ல, மிஸ்

வகுப்பில் எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். ஊர் அடங்கும்போது வேலைக்குக் கிளம்பி, ஊர் எழும்போது வந்து படுப்பார். பள்ளிக்கூடப் பக்கம் அவர் தலை தெரிந்ததே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் மிஸ் அவளுடைய மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்பா?" என்று கேட்டார்.

"அப்பா இல்ல, மிஸ்."

வீட்டில் இல்லை என்ற அர்த்தத்தில்தான் அவள் சொன்னாள். இன்னொருவர் லீவு போட்டதால் அப்பா அன்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் சட்டென்று பேனாவை மூடிவிட்டு அவள் தோளைத் தடவிக்கொடுத்தார். அது எதற்கென்று அவளுக்கு அப்போது புரியவில்லை. சில வாரங்கள் கழித்து, "அவளைத் திட்டாதீங்க, அப்பா இல்லாத பொண்ணு" என்று மிஸ் இன்னொரு டீச்சரிடம் சொன்னது காதில் விழுந்தபோதுதான் புரிந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மிஸ் மறுநாள் தன் சொந்தப் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார். பிறகு எப்படிச் சொல்வது? நாளாக ஆக, தொண்டையில் மாட்டிய முள்போல அது அங்கேயே தங்கிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. அவள் ஆசைப்பட்ட கல்லூரி, ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே தொடாது. மிஸ்ஸை விட்டால் அவளுக்கு எழுதிக்கொடுக்க ஆள் கிடையாது. கேட்டாள். "உனக்கு எழுதாம யாருக்கு எழுதப்போறேன்? வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோ" என்றார் மிஸ்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா தூங்கவில்லை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட மனுஷன் இப்படித் தேய்ச்சுக் குளிக்கல" என்றாள் அம்மா.

"என் பொண்ணுக்கு லெட்டர் குடுக்கறாங்க. ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேணாமா?"

"நீங்க தூங்குங்கப்பா. நான் போயிட்டு வந்துடறேன்."

"தூக்கம் எங்கடி ஓடிப்போகுது? நட."

வழியெல்லாம் கல்லூரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பள்ளிக்கூட வாசல் மரத்தடியில் அவரை நிறுத்தி, "இங்கயே இருங்க, மிஸ்ஸை நானே கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு ஓடினாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் ஓடினாள். ஆனால் மிஸ் அவளைப் பேசவிட்டால்தானே!

"வா வா, ஒரு வரி படிக்கறேன் கேளு. 'சிறு வயதிலேயே தந்தையை இழந்தும், அந்தத் துக்கத்தைத் தன் படிப்பில் ஒரு நாளும் காட்டாத பெண் இவள்.' எப்படி இருக்கு?"

மிஸ்ஸின் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது. "யாருங்க? யாரைப் பாக்கணும்?"

அவள் திரும்பினாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். மரத்தடியில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அப்பா அவளையும் மிஸ் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் மாமாங்க" என்றார். "இவ அம்மாகூடப் பொறந்தவன்."

"உள்ள வாங்க, உக்காருங்க. தங்கமான பொண்ணு. அவங்க அப்பா இருந்திருந்தா இன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!"

"ஆமாங்க, ரொம்பப் பட்டிருப்பாரு." உட்காராமல் கைகூப்பினார். "அவரு சார்பா நான் நன்றி சொல்லிக்கறேன்."

மிஸ் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, அவள் கையில் கொடுத்தார். இருவரும் மைதானத்தைக் கடந்து நடந்தார்கள். அப்பா திட்டுவார், ஏன் என்றாவது கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் நேரே பார்த்து நடந்தார்.

"அப்பா..."

"இங்க அப்படிக் கூப்பிடாத. யார் காதுலயாவது விழுந்தா லெட்டர் கெட்டுப்போயிடும். கேட்டைத் தாண்டிக்கலாம்."

கேட்டைத் தாண்டினார்கள். அவர் நின்று, அவள் பக்கம் திரும்பி, "ம், இப்பச் சொல்லு" என்றார்.

அவளால் கூப்பிட முடியவில்லை.