பின்சீட்டுப் பேச்சு

என் வீட்டுக்காரரை ஊரே கொடுத்து வைத்த மனுஷன் என்று சொல்லும். உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தூங்குவார். முடிவெட்டும் கடையில் தலையைக் கொடுத்துவிட்டுத் தூங்குவார். வேதாரண்யத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வீட்டுக்குப் போனால், பஸ் கிளம்புவதற்குள் குறட்டை ஆரம்பித்துவிடும். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அந்த ஆளோடு வரவில்லை என்பது போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "மனசுல கள்ளம் இல்லாத ஆளு, அதான் படுத்ததும் தூக்கம் வருது" என்பாள் எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷன் மாத்திரை போட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர். குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? எனக்கும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஆனால் காலையில் எழுந்தால் அடித்துப் போட்ட முகமாக இருக்கும். தலைவலி என்பார். காபி டம்ளரைப் பிடித்தபடியே கண் சொக்கும். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன் எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழ ஆரம்பித்தார். மோட்டார் போட நேரங்கெட்ட நேரத்தில் வயலுக்கு ஓடுவதால்தான் இப்படி என்று நினைத்தேன். மருமகன், போனிலேயே மோட்டாரை ஓடவிடும் கருவி ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் இவர் படுத்த இடத்திலிருந்தே மோட்டாரைப் போட்டார், நிறுத்தினார். அப்படியும் காலையில் அதே முகம். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எங்கள் வயலுக்கு ஆற்றங்கரை மேலேயே ரோடு போகிறது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வாய்க்கால். தடுப்பு என்று ஒரு கல்கூடக் கிடையாது. வைகாசியில் ஆறு காய்ந்து மணலாகக் கிடந்தபோது, பட்டப்பகலில், நேர் ரோட்டில், இவர் வண்டியோடு ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். மணல் என்பதால் முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. தூக்கிவிட வந்தவர்கள் முதலில் வாயைத்தான் மோந்து பார்த்தார்களாம். ஒரு சொட்டு தொடாத மனுஷன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நாய் குறுக்க வந்துருச்சு" என்றார் என்னிடம்.

"எந்த நாய்? என்ன நிறம்?"

உரிந்த முழங்கையை ஊதிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து அவர் மதியம் சாப்பிட்டுப் படுத்தால், உளுந்தில் கல் பொறுக்குகிற சாக்கில் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். குறட்டை ஏறும், ஏறும், சட்டென்று நின்றுவிடும். நெஞ்சு எழும்பப் பார்க்கும். மூச்சு உள்ளே போகாது. முறத்தைப் போட்டுவிட்டு நான் உலுக்கப் போவதற்குள் ஒரு திணறல் வந்து, மறுபடி குறட்டை ஆரம்பிக்கும். மறுபடி நிற்கும். இத்தனை வருஷம் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், இந்தச் சத்தம் நிற்காதா என்று வேண்டியிருக்கிறேன். நின்றால் இப்படி என்று தெரியாமல் போயிற்றே. போனில் வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் அழுதுகொண்டே வந்து இறங்கினாள்.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண்தான், பொறுமையாகச் சொன்னார். "இவரு தூங்குறாருன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்கம்மா. மூச்சு அடைக்க அடைக்க மூளை எழுப்பிக்கிட்டே இருக்கு. அது இவருக்கே தெரியல. பல வருஷமா ஒழுங்காத் தூங்கவே இல்ல. சரியாகுற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது." ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், ராத்திரியில் சோற்றைக் குறைக்க வேண்டும், மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க, மூச்சு அடைக்காமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு மெஷின் வேண்டும். வெளியே வந்ததும் இவர், "தஞ்சாவூர்ல உக்காந்துக்கிட்டு சோத்தக் கொறைக்கச் சொல்லுது பாரு" என்றார்.

மெஷின் வந்தது. முதல் சில நாட்கள் நான் பார்த்தது வேறு ஆள். நான் எழுப்பாமலே எழுந்து, அடுப்படிக்கு வந்து, "என்ன, காபி போடவே மறந்துட்டியா?" என்று வம்பிழுத்தார். கல்யாணமான புதிதில் அப்படி இழுத்தவர். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு மழை. கரண்ட் போய் மெஷின் நின்றது. மூச்சு முட்டிப் பதறி எழுந்தவர் மூக்கிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார். "இதுதான் என்னக் கொல்லப் போவுது." அதோடு அது பீரோ மேலே ஏறிவிட்டது.

"ஒரு இன்வெர்ட்டர் வாங்கிருவோங்க."

"அறுப்பு முடியட்டும்."

எங்கள் பக்கத்தில் எல்லாமே அறுப்பு முடிந்துதான். கல்யாணம், வெள்ளையடிப்பு, பல் பிடுங்குவது வரைக்கும். மூச்சுமா?

நடவு தொடங்கிவிட்டது. வயலுக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது. நடந்து போக முழங்கால் விடாது. சாவியை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தேன். எதிர்வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசுவேன். கத்தரிக்காய் விலை, அவருடைய அத்தை எனக்குச் சீர் வைத்த சாயம் போன புடவை, எதிர்வீட்டுக்காரியின் புது மிக்ஸி, வாயில் வந்ததெல்லாம். அவர் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் இடுப்பில் கிள்ளுவேன்.

"ஒரு நாளாச்சும் வாய மூடிக்கிட்டு வர்றியா? காது ரெண்டும் போச்சு."

"மாட்டேன்."

மேட்டூர்த் தண்ணீர் வந்து, இரண்டு பக்கமும் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு நீச்சல் தெரியும்டி" என்பார். தூங்கிக்கொண்டே நீந்துவீர்களா என்று கேட்டால் கோபம் வரும். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் வேடிக்கை. இந்த வயதில் புருஷனை ஒட்டிக்கொண்டே திரிகிறாள் என்று நடவுப் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது தொண்டை அடைத்துக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. அப்படியும் கூடவே போனேன். மதியம் வயலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். கரை ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் பேசவில்லை, அவரும் 'ம்' கொட்டவில்லை. வண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் முதுகு தளர்ந்து என் மேல் சாய்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

"இந்தா" என்றார். "ஏதாச்சும் பேசேன்."

இத்தனை மாதமாக நாய் என்றவர், காது போச்சு என்றவர், கேட்டேவிட்டார். வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு கையாலும் அவர் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தேன். வண்டியை நிறுத்தினார். முன்சக்கரம் கரைப் புல்லில் ஏறியிருந்தது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலியோடு வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்.

"தொண்ட தொறந்துருச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன். வயலில் ஆட்கள் இறங்கியிருப்பார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அப்புறம் வண்டியை எடுத்தார். நான் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.