மரம் மட்டும் தெரிந்தவர்

கோலா பிலாவிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் கணித ஆராய்ச்சி செய்தவராம். சவரம் செய்யாத முகம். ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் வளையம் போடுவார். தொடங்கிய இடத்துக்கே வந்ததும் அழித்துவிடுவார்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவள் என்றதும் சட்டென்று திரும்பினார்.

"அக்கா, ஒரே ஆள் வெட்டுன மரம் எதெதுன்னு மட்டும் தெரியுது. அவர் எந்த வழியா நடந்தார்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும்லா. மொதல்ல வெட்டுன மரத்துல பால் மொதல்ல நின்னுடும்."

"என் கணக்குல நேரமே இல்லக்கா. மரம் மட்டுந்தான்."

"அப்ப முடியாது தம்பி. எப்படி வேணும்னாலும் நடந்திருக்கலாம்."

அவர் முகம் வெளிறியது.

"வழி தெரிஞ்சாத்தான் அந்த மரமெல்லாம் நிக்கிற எடத்தோட வடிவம் தெரியும். வழியக் கண்டுபிடிக்க முடியும்னு ஆறு வருசம் எழுதினேன். ஒரு வரி தப்பு, எல்லாம் போச்சு. இனிமே எனக்கு என்னக்கா இருக்கு?"

சிரம்பானில் நான் இறங்கியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் மர நிரையை நடுமரத்திலிருந்து வெட்டத் தொடங்கினேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏசினார். பால் சொட்டி முடிந்த பிறகு பால் ஏந்தும் மங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கே தொடங்கினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.