செல்லூர்ப் படிப்பகத்தின் மேற்குச் சன்னல்கள்

“அளந்தது நான்தான் சார்.” அன்றைய கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை காலை, கலைச்செல்வி அக்கா இறந்துவிட்டார் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். ஓராண்டாக அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும். இது தெரிந்திருக்காது.

கே.கே. நகரில் எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிதில் வந்த வேலை, செல்லூரில் ஒரு பொதுப் படிப்பகம். ஏசி கிடையாது, காற்று சன்னல் வழியாகத்தான் வர வேண்டும். மேற்கே, சந்துக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடங்கள். சத்தத்தை மூன்று நாள் அளந்து வரச் சொன்னார், அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா. ஒரு முற்பகல் மட்டும் போனேன். சந்து அமைதியாக இருந்தது. பல தறிகளை விற்றுவிட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள், நம்பிக்கொண்டேன். அளவுத் தாளில் மற்ற இரண்டு நாள் கட்டங்களை வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். அந்த எண்களை வைத்து மேற்குச் சுவரில் ஆறு பெரிய சன்னல்கள் வைத்தோம்.

திறந்த முதல் வாரமே புகார் வந்தது. இருவரும் போனோம். தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்த ஒரு பெண் காதில் பஞ்சு வைத்திருந்தாள். “எம்புட்டு நேரம்மா இப்படி இருப்ப?” என்று அக்கா கேட்டார். அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான் வேலை செய்யுது பஞ்சு, நம்ம கட்டடத்தை விட” என்றார் அக்கா.

அலுவலகம் திரும்பியதும் என் அளவுத் தாளை எடுத்துத் தேதியை நீலப் பென்சிலால் வட்டமிட்டார். “ஏ புள்ள, இது மாசாந்திரக் கரண்ட் கட் நாளுல்ல? தறி எப்படி ஓடும்?” சற்றுப் பொறுத்து, “மத்த ரெண்டு நாளும் இதே நம்பராவுல்ல இருக்கு” என்றார். நான் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை.

இரண்டே நாளில் மாற்று வழி வரைந்தார். சன்னல்களுக்கு வெளியே மூன்றடி தள்ளி ஒரு தடுப்புச் சுவர், அதன் உட்புறம் தேங்காய் நார்ப் பலகை, இருபக்கமும் காற்று புக வழி. “காத்து வளைஞ்சு வந்துரும். தறிச் சத்தம் வளையிறதுக்குள்ள பாதி செத்துரும்” என்றார்.

புகாரை விசாரிக்க நடந்த கூட்டத்தில் மாநகராட்சி அதிகாரி கேட்டார்: “முதல்ல சத்தத்தை அளந்தது யாரும்மா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கோப்பின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.

“நாந்தான் சார்” என்றார்.

“அதைத் தப்பா அளந்துட்டு இப்ப செவரு கட்டணும்ங்கிறீங்க. இந்தக் கணக்கை மட்டும் எப்படி நம்புறது?”

சன்னல்களைச் செங்கல் வைத்து அடைப்பது என்று முடிவானது. “அடைச்சா வேக்காட்டுல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க சார்” என்று அக்கா இரண்டு முறை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நான் ஒப்புக்கொண்டிருந்தால் அவர் வரைபடத்தை நம்பியிருப்பார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில், “ஏன் உம்முன்னு வார? வேலை போனா எழுமலைல எங்கண்ணன் தோட்டம் இருக்கு. வெங்காயம் பிடுங்கப் போவோம்” என்றார். அதற்குப் பிறகு பொதுக் கட்டடம் எதையும் அலுவலகம் அவரிடம் கொடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன. மருத்துவமனைக்கும் போனேன். உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீல வட்டமிட்ட அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

ஆறு சன்னல்களையும் அடைத்தார்கள். சித்திரை முடிவதற்குள் ஆட்கள் படிக்க வருவது நின்றுபோனது. படிப்பகம் இப்போது பூட்டிக் கிடக்கிறது.