பதினேழு ஆடும் லோயர் கேம்ப் புலியும்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பழக்கடையில் தராசுத் தட்டைப் பார்க்க மாட்டேன், கடைக்காரன் விரலைத்தான் பார்ப்பேன். அமைந்த உத்தியோகமும் அதற்குத் தோதானது. தேனி சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். மீட்டர் முள் ஒரு கோடு தள்ளி நின்றால், ஏன் நிற்கிறது என்று கேட்பதற்குத்தான் சம்பளம். "இம்புட்டுச் சந்தேகத்தை வயித்துல வச்சுக்கிட்டு சோறு எப்படித்தான் செரிக்குதோ" என்பாள் என் வீட்டுக்காரி. எல்லா வருஷமும் செரித்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் மட்டும் செரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் சப்ஸ்டேஷன்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி போன் உண்டு. தபால் ஆபீஸ் போன் இல்லை, கரண்டு போகிற கம்பி வழியாகவே குரலும் போகும். ஒருவர் எடுத்துப் பேசினால் மற்ற இடங்களிலும் எடுத்துக் கேட்கலாம். தேனியில் நான், கம்பத்தில் ஒருவர், போடியில் ஒருவர், லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் ஒருவர். மணிக்கு ஒரு தடவை மீட்டர் ரீடிங் சொல்ல வேண்டும். நால்வருக்கும் ஷிப்ட் ஒன்றாகவே சுழன்றது. ரீடிங் முடிந்த பிறகு கிடைக்கிற ஒரு நிமிஷத்தில்தான் நாங்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடினோம்.

யோசனை கம்பத்துக்காரருடையது. கட்டத்தில் இருபத்து மூன்று புள்ளி. அதற்கு நம்பர் போட்டு, ஆளுக்கு ஓர் அட்டையில் ஒரே மாதிரி வரைந்துகொண்டோம். லோயர் கேம்ப் புலி. அதற்கு மூன்று காய். நாங்கள் மூன்று பேரும் ஆடு, ஆளுக்கு ஐந்து, மொத்தம் பதினைந்து. ஒரு நாளைக்கு ஓர் ஆடு, முறை வைத்து வைப்போம். புலி தாண்டினால் ஆடு வெட்டுப்படும். புலி நகர முடியாமல் சுற்றி வளைத்தால் புலியைக் கட்டிவிட்டோம் என்று அர்த்தம். ஓர் ஆட்டம் முடிய இருபது நாளாகும். லோயர் கேம்ப்காரர் முகத்தை நாங்கள் மூவரும் பார்த்ததில்லை. குரலை வைத்துச் சின்ன வயசுக்காரர் என்று தெரியும், அவ்வளவுதான்.

முதல் நாலைந்து ஆட்டமும் புலியைக் கட்டினோம். சும்மா இல்லை, கதறக் கதறக் கட்டினோம். "அண்ணே, கொஞ்சம் மூச்சு விட விடுங்கண்ணே" என்று சிரிப்பார் லோயர் கேம்ப்காரர். பாவம் பார்த்து ஓர் ஆட்டைக் குறைத்துக்கொண்டு பதினாலை வைத்துக்கூட ஆடி ஜெயித்தோம். அந்தக் கெத்தில் நான் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது தலை நிமிர்ந்தே இருக்கும்.

வைகாசியில் எல்லாம் மாறியது. புலி பாய ஆரம்பித்தது. பதினாலை மறுபடி பதினைந்தாக்கினோம். தோற்றோம். பதினாறு கேட்டோம், கொடுத்தார். தோற்றோம். பதினேழு கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. "வச்சுக்கிடுங்கண்ணே" என்றார். அதிலும் எட்டு ஆட்டைத் தின்றுவிட்டது புலி. ஆடு கூடக் கூட அதற்குப் பசியும் கூடிக்கொண்டே போனது.

ஒரு மாதத்தில் ஒரு மனுஷன் இப்படி மாற முடியுமா? எனக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். முன்னெல்லாம் எங்கள் ஆட்டத்துக்கு அடுத்த மணி ரீடிங்கிலேயே பதில் சொல்லிவிடுவார். இப்போது எதைக் கேட்டாலும், "நாளைக்குச் சொல்றேண்ணே." மறுநாள் ஷிப்ட் ஏறியதும் முதல் ரீடிங்கோடு புலி எங்கே போகிறது என்பதை ஒப்பிப்பார். சிரிப்பும் போய்விட்டது. எதற்கு ஒரு நாள்? அவர் போனை வைத்த பிறகு நாங்கள் மூவரும் அதே லைனில்தானே கூடிப் பேசுகிறோம், இங்கே வைக்கலாமா, அங்கே வைக்கலாமா என்று?

முதலில் போடிக்காரர் மேல்தான் கண் போனது. அவருடைய மச்சினன் லோயர் கேம்ப்பில் கடை வைத்திருந்தான். ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "ஏன்யா, உம்ம அஞ்சு ஆட்டைக் காட்டிக் கொடுத்தா எனக்கு என்ன பதவி உயர்வா கிடைக்கப் போவுது?" என்று கத்திவிட்டு ஒரு வாரம் ரீடிங் தவிர வேறு பேசவில்லை அவர். சரி, ஆள் இவர் இல்லை. அப்படியென்றால் புலியே காதை நீட்டி ஒட்டுக் கேட்கிறது. எனக்குள் அது தீர்மானமாகிவிட்டது.

பொறி வைத்தேன். மறுநாள் என் முறை. அன்று மத்தியானம் கம்பத்துக்காரரிடம் லைனில் சத்தமாகவே சொன்னேன். "நாளைக்கு என்ன ஆனாலும் பதினாலாம் புள்ளியிலதான் வைக்கப் போறேன். அத்தோட புலிக்கு வழி அடைஞ்சுரும்." உண்மையில் வேறு இடத்தில் வைப்பதாக மனசுக்குள் திட்டம்.

மறுநாள் காலை ஏழு மணி ரீடிங். வோல்ட்டேஜ் சொன்னார், லோடு சொன்னார். கடைசியில், "பதினெட்டுல இருந்து பதினாலுக்கு வாறேண்ணே" என்றார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் பாவி!

"பதினாலு உமக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஆட்டத்தைப் பாத்தாத் தெரியாதாண்ணே?"

"ஆட்டத்தைப் பாத்தீரா, காதை வச்சுப் பாத்தீரா? நாங்க பேசுறதை ஒட்டுக் கேட்டு ஜெயிக்கிறதுக்கு ஒரு வெட்கம் வேணாம்? தூ! இதுக்குப் பதிலா நேரா வந்து தோத்துட்டேன்னு சொல்லியிருந்தா மதிச்சிருப்பேன்."

கம்பமும் போடியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "சரிண்ணே. ஆட்டம் வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டார் லோயர் கேம்ப்காரர்.

அதோடு நின்றது. ரெண்டு மாதம் வெறும் ரீடிங்தான். எனக்கு அதில் ஒரு திருப்தி. குட்டு உடைந்தவன் வாய் திறப்பானா? கம்பத்துக்காரர் மட்டும் ஒரு நாள், "யோவ், இப்ப நீரு ஜெயிச்சீரா, தோத்தீரா? எனக்குப் பொழுதே போக மாட்டேங்குது" என்றார். நான் ரீடிங்கைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஐப்பசியில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றிய லாரியோடு என்னை லோயர் கேம்ப்புக்கு அனுப்பினார்கள். கூடலூர் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. பீப்பாயை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டிய ஸ்டோர்காரர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். வாசலில் ஒதுங்கி, எப்போது வருவார் என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். குடையோடு ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடி. "தேனிக்காரக தானே? குரல் கேட்டதுமே தெரிஞ்சுச்சு. மழைக்குள்ள எங்கன போய்ச் சாப்பிடுவீக, வீட்டுக்கு வாங்க" என்றார். அவரேதான். நான் இத்தனை மாதமும் மனசில் வரைந்து வைத்திருந்த நரி மூஞ்சி அவருக்கு இல்லை. இருந்தாலும், திட்டினவனை எதற்குச் சோற்றுக்குக் கூப்பிடுகிறான் என்று யோசித்துக்கொண்டேதான் குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன்.

வழியில் அவரே பேச்சை எடுத்தார். "ஒண்ணு சொல்லிப்புடுறேண்ணே. எங்க வீட்ல அவளுக்குக் காது கேக்காது. ஏழாம் வகுப்புல காய்ச்சல் வந்து போயிருச்சு. பேசுவா. நாமதான் சிலேட்டுல எழுதிக் காட்டணும். அவகிட்ட நீங்கதான் ஆடுன ஆளுன்னு காட்டிக்கிட வேணாம். தேனிக்காரர் மாற்றலாகிப் போயிட்டாரு, அதான் ஆட்டம் நின்னு போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அவுகளுக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சித்திரையில கல்யாணம். வைகாசியில இருந்து ஆடுனது அவதான். உங்க ஆட்டத்தைச் சாயங்காலம் கொண்டுபோய்ச் சொல்வேன். அவ ராத்திரியெல்லாம் யோசிச்சுக் காலையில சொல்லி அனுப்புவா."

எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆகா, என்ன ஜோடிப்பு! ஒட்டுக் கேட்டான் என்று சொன்னதற்குத் தோதாகக் காது கேட்காத பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான் பார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் போனோம். அந்தப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் ஓரமாகச் சாக்பீஸால் கட்டம். மேலே புளியங்கொட்டையும் மூன்று கூழாங்கல்லும். பதினாலாம் புள்ளியில் ஒரு கல். ரெண்டு மாதத்துக்கு முன் நாங்கள் விட்ட இடத்திலேயே ஆட்டம் நின்றது. கோடு அழிந்த இடங்களில் மறுபடி இழுத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் என் புத்தி அடங்கவில்லை. பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, கைதவறியதுபோலக் கீழே போட்டேன்.

"ஏதோ விழுந்துச்சு, பாருங்க" என்றது அந்தப் பெண், திரும்பாமலே.

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். இப்போது என்ன சொல்கிறாய் என்கிற பார்வை.

அவர் முகம் செத்துப் போயிற்று. "கால் வழியாத் தெரியும்ணே. தரை அதிரும்ல" என்றார். நான் அசையவில்லை. அவர் அலமாரியிலிருந்து ஒரு பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்தார். அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் போய் நின்று, தட்டைத் தூக்கிப் பிடித்து, ஓங்கி அடித்தார். எனக்குக் காது அடைத்தது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. இன்னொரு தடவை அடித்தார். அவள் ஒரு கீரைத் தண்டைக் கிள்ளி, நாரை உரித்து முறத்தில் போட்டாள்.

"போதுமாண்ணே?" என்றார்.

நான் குனிந்து சாவியை எடுத்தேன். நிமிரத் தைரியம் வரவில்லை. கட்டின பெண்டாட்டியின் ஊனத்தை ஒருவன் இப்படி நிரூபித்துக் காட்ட வேண்டி வந்தது என்னால்தான். சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்து, வெள்ளந்தியாகச் சிரித்து, இலை போட்டாள். மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். நான் தேனியிலிருந்து வருகிறேன் என்று அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவள் ஏற்ற இறக்கமில்லாத உரத்த குரலில் பேசினாள்.

"தேனியா? அங்கன ஒரு அண்ணன் இருந்தாக. தெரியுமா உங்களுக்கு? ஆடு வச்சா அவுக மாதிரி வைக்கணும். ஆனா அவசரக்காரக. முன்னாடி வச்ச ஆட்டுக்குத் துணையா அடுத்ததைப் பக்கத்துலயே வச்சுருவாக. பதினாலுக்கு வருவாகன்னு எனக்கு மூணு நாள் முன்னாடியே தெரியும்."

என் பொறி என்னவாயிற்று என்று அப்போதுதான் புரிந்தது. ஏமாற்றுவதற்காக ஒரு நம்பரைச் சொல்லப் போய், என் கை வழக்கமாகப் போகிற இடத்தையே சொல்லியிருக்கிறேன். மூளை பொய் சொன்னாலும் கை பழக்கத்தை விடவில்லை.

வாசலுக்கு வந்ததும் கேட்டேன். "அன்னைக்கே லைன்ல சொல்லியிருக்கலாமே தம்பி?"

"நாலு பேர் கேக்குற லைன்ல, எம்பொண்டாட்டிக்குக் காது கேக்காதுன்னு சொல்லச் சொல்றீகளா?" என்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "இந்த ஊர்ல அவகூட ஒரு ஆளு பேசாதுண்ணே. ஒரு தடவை கேட்டுட்டு, சரி செவிடுன்னு போயிருவாக. நீங்க மூணு பேர்தான் தெனமும் பேசிக்கிட்டு இருந்தீக. ஒரு ஆட்டை வச்சா அது ஒரு பேச்சுண்ணே அவளுக்கு. அதை நிப்பாட்டிட்டீக."

மன்னிப்புக் கேட்டேன். ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்றேன். தேனிக்குப் புது ஆள் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள், பழைய கதை அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்றேன். குடையை உதறி விரித்துக்கொண்டே, "சரி" என்றார்.

கம்பமும் போடியும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். அவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். கம்பத்துக்காரர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கார்த்திகை முதல் வாரம் புது ஆட்டம், பதினேழு ஆடு. நான் புது ஆளாக நடித்தேன். என் கை எங்கே போகிறதோ அங்கே போகாமல் இருப்பதுதான் என் வேலை. ஓர் ஆட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்க விரல் துடிக்கும். அடக்கிக்கொண்டு, யாரோ வைப்பதுபோல மூலையில் கொண்டுபோய் வைப்பேன். முதல் ஆடு அப்படி, இரண்டாவது அப்படி. மூன்றாவதையும் அப்படித்தான் வைத்தேன். நல்ல நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ரீடிங் முடிந்தது. புலி எங்கே என்று கேட்டேன். லோயர் கேம்ப்காரர் தயங்கினார்.

"அண்ணே, அவ ஒண்ணு கேக்கச் சொன்னா. 'தேனியில அந்தப் பழைய அண்ணன்தான் ஆடுறாக. துணைக்குப் பக்கத்துல வச்சிரக் கூடாதுன்னே பாத்துப் பாத்துத் தள்ளி வைக்கிறாக. எதுக்கு வேற ஆளு மாதிரி ஆடுறாக? எம்மேல என்ன கோவம்'னு கேக்கச் சொன்னா."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கப்பட என்ன இருக்கிறது, வந்தது. மற்ற இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"கோவமில்லைன்னு எழுதிக் காட்டுங்க தம்பி. தோத்தது பொறுக்காம நான்தான் சந்தேகப்பட்டேன். ஒட்டுக் கேட்டு ஜெயிக்கிறீகன்னு பழி போட்டேன். தட்டை அடிக்க வச்சதும் நான்தான். ஒண்ணு விடாம எழுதிக் காட்டுங்க."

அன்று பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இனி அவள் ஆட மாட்டாள் என்றே நினைத்தேன். காலையில் ஏழு மணிக்கு முன்னாலேயே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எழுதிக் காட்டினேண்ணே" என்றார் லோயர் கேம்ப்காரர். "ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் சிலேட்டை அழிச்சுட்டு, புலி எட்டுல இருந்து பத்துக்கு, ஒரு ஆடு வெட்டுன்னா."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா. 'ஆடு பத்தலைன்னா இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிக்கிடட்டும். ஆளை மாத்த வேண்டாம்'னு சொல்லச் சொன்னா."