தோற்றவர்களின் சால்ஜாப்பும் யாகூப் பாயும்

குத்துச்சண்டையில் தோற்றவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதை யாகூப் பாய் சொல்லிவிடுவார். வயிறு சரியில்லை, கையுறை ஈரமாக இருந்தது, நடுவர் எதிராளியின் ஊர்க்காரர், மேடை விரிப்பு வழுக்கியது, தங்கவைத்த இடத்தில் கொசுக்கடி. முப்பது ஆண்டுகளாகக் கோவை வட்டாரப் போட்டிகளில் எடை பார்ப்பவராகவும் நடுவராகவும் இருந்த அவருக்கு இவற்றுள் எதுவும் புதிதன்று. ஒருமுறை பல்லடத்து இளைஞன் ஒருவன், அக்காளின் நிச்சயதார்த்தம் நினைவுக்கு வந்துவிட்டதால் குத்து வருவதைக் கவனிக்கவில்லை என்றான்.

"அக்காளுக்குக் கையில மோதரம் போட்டாங்க, உனக்கு மூக்குல போட்டுட்டாங்களாக்கும்" என்றார் யாகூப் பாய், நூறு பேர் நடுவில். அந்த இளைஞன் அதன்பின் மேடை ஏறவே இல்லை. அதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை. போனால் போகட்டும், மேடை சுத்தமாயிற்று என்றுதான் நினைத்தார்.

கோட்டைமேட்டில் பூட்டும் கீலும் தாழ்ப்பாளும் விற்கும் சிறிய கடை அவருடையது. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று யாராவது கீலைத் திருப்பிக் கொண்டுவந்தால், "கீலு நல்லாத்தானுங்க இருக்குது, மாட்டுன கையைக் கொண்டாங்க பாக்கலாம்" என்பார். வாடிக்கையாளர் குறைவதைப் பற்றி மனைவி பக்ருன்னிசாவுக்குத்தான் கவலை.

இந்தக் கடுமைக்கு அவரிடம் ஓர் ஆதாரமும் இருந்தது. இருபத்து மூன்றாம் வயதில் சென்னையில் நடந்த மாநில இறுதிப்போட்டியில், இரண்டாம் சுற்றிலேயே அவர் விழுந்தார். அன்று காலை உடம்பு அனலாய்க் கொதித்தது. நடக்கும்போதே தரை சாய்ந்தது. கோவை இரயில் நிலையத்தில் நண்பர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, "அடிச்சான், உளுந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் யார் கேட்டாலும் அந்த இரண்டு சொற்களே. காய்ச்சல் இருந்தது உண்மை. ஆனால், உண்மையாய் இருப்பதனாலேயே ஒரு காரணம் கௌரவமானதாகிவிடாது என்பது அவர் கட்சி. வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. யாகூப் பாய் சால்ஜாப்புச் சொல்லமாட்டார் என்று ஊர் சொல்லும் அந்த ஒரு பேச்சுதான் அவர் சொத்து.

சென்ற மார்கழியில் மேற்கு மண்டலக் கோப்பைக்கான போட்டிகள் காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தன. அறுபது கிலோ பிரிவின் இறுதிச் சண்டையில் வெள்ளகோவில் மனோஜ்குமாரும் ஆர்.எஸ்.புரம் யஷ்வந்தும் மோதினார்கள். மூன்று சுற்றுகளிலும் மனோஜ்குமாரின் முகத்தை யஷ்வந்தின் இடக்கை தேடித் தேடி வந்தது. மனோஜ்குமாரோ காவலுக்குத் தூக்க வேண்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவனைப்போல நின்றான். ஐந்து நீதிபதிகளும் யஷ்வந்துக்கே தீர்ப்பளித்தார்கள். கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே மனோஜ்குமார் கத்தினான்:

"தராசு தப்புங்க! அவன் அறுவது கிலோவே கெடையாது. அறுவதுக்கு மேல இருக்கறவனை என்கூட எறக்கிவுட்டுப்போட்டாங்க!"

அன்று காலை எடை பார்த்தவர் யாகூப் பாய். அறுபது கிலோவுக்கு மேல் ஐம்பது கிராம் கூடினாலும் போட்டியிலிருந்து நீக்கிவிடுவது விதி. அந்த விதியை முப்பது ஆண்டுகளாகக் காத்தவரைப் பார்த்துத்தான் அவன் கத்தினான்.

"தராசு உன்னைய அடிக்கலையே கண்ணு, யஷ்வந்துதான அடிச்சான்?" என்றார் அவர். மண்டபமே சிரித்தது.

மனோஜ்குமார் விடவில்லை. பேருந்து நிலையத்தில் சொன்னான்; தேநீர்க் கடையில் சொன்னான்; வீரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் காலை வணக்கத்துக்குப் பதிலாக அதையே சொன்னான். யாகூப் பாய், அதிகாரியை அவதூறு செய்த இவனை இரண்டாண்டு விலக்கிவைக்க வேண்டும் என்று மண்டலக் குத்துச்சண்டைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். சங்கத் தலைவர் லட்சுமணசாமி காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தம் மில் அலுவலகத்திலேயே விசாரணைக் கூட்டத்தைக் கூட்டினார்.

யாகூப் பாய் பத்து மணிக்கே வந்துவிட்டார். அலுவலகம் பூட்டியிருந்ததால், கொப்பரை காயும் களத்தோரம் போய் நின்றார். அங்கே மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தவன் சரவணன். சங்கத்தின் தராசு பழுதானதால் போட்டியன்று இந்த மில்லின் மின்னணுத் தராசைத்தான் மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து வைத்தவனும் இதே சரவணன்தான்.

அவன் வேலை செய்வதை யாகூப் பாய் பொழுதுபோகாமல் பார்த்தார். எண்ணெய் ஊறிய வெறுங்கோணி ஒன்றை மடித்துத் தராசுத் தட்டின்மேல் வைத்தான். பிறகுதான் விசையைப் போட்டான். பூஜ்யம் காட்டியது. கோணியை எடுத்துவிட்டுக் கொப்பரை மூட்டையை ஏற்றினான்.

"அது எதுக்குப்பா வெறுங்கோணி?"

"கோணி வெய்ட்டு கழியோணுமல்லங்க பாய். கோணியை வெச்சுப் போட்டா அதையே பூஜ்யம்னு எடுத்துக்கும். அப்பறம் எந்த மூட்டையை ஏத்துனாலும் சரக்கு வெய்ட்டு மட்டும் காட்டும். மில்லுல எப்பவும் இப்படித்தானுங்க."

யாகூப் பாய் தராசருகே வந்தார். "மண்டபத்துலயும் இப்படித்தான் போட்டியா?"

"ஆமாங்க. கைப்பழக்கம். ஆனாக் கோணியை அப்படியே உட்டுட்டேனுங்க, பசங்க வெறுங்காலோட நிக்கறதுக்கு. கோணி தட்டுலயே கெடந்திருந்தா கணக்குச் சரியாத்தான் வந்திருக்கும். நீங்கதான், இது என்ன நாத்தம்னு எடுத்து எறிஞ்சுபோட்டீங்க."

"பாத்துட்டுத்தான நின்னே? அப்பவே சொல்றதுக்கென்ன?"

சரவணன் தலையைச் சொறிந்தான். "பெரியவங்க நீங்க. அத்தனை பேருக்கு முன்னால நான் எப்படிங்க சொல்றது? மருவாதியா இருக்குமுங்களா?"

யாகூப் பாய் அந்தக் கோணியை வைத்து விசையைப் போடச் சொன்னார். பின்பு தம் கையாலேயே அதை எடுத்துவிட்டுத் தட்டில் ஏறினார். எழுபத்தொன்று புள்ளி மூன்று. இறங்கி, விசையை அணைத்து, வெறுந்தட்டோடு மறுபடி போட்டு ஏறினார். எழுபத்திரண்டு புள்ளி இரண்டு. தொள்ளாயிரம் கிராம். அன்று யஷ்வந்துக்கு ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு என்று எழுதியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆக, அவன் மெய்யான எடை அறுபதரை. அவன் மேடை ஏறியிருக்கவே கூடாது.

அன்று தட்டு வெறுமையாக இருந்தபோது தராசில் என்ன தெரிந்தது? கழித்தல் குறியோடு ஓர் எண் தெரிந்திருக்கும். ஒருவன் இறங்கும்போது அவர் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்; நிமிர்வதற்குள் அடுத்தவன் ஏறியிருந்தான். ஒரே ஒரு முறை நிமிர்ந்திருந்தால் போதும்.

களத்திலிருந்து அலுவலகத்துக்கு நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடிக்குள் யாகூப் பாயின் மண்டைக்குள் ஒரு சந்தையே கூடிவிட்டது. விடியற்காலை, மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை, தராசைக் கொண்டுவந்தவன் சொல்லவில்லை, சங்கத்தின் தராசைச் செப்பனிடாதது தலைவரின் குற்றம், மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று பக்ருன்னிசா ஆறு மாதமாகச் சொல்கிறாள். எத்தனை வேகமாக, எத்தனை அழகாக வந்து விழுகின்றன! கொசுக்கடி சொன்னவன்கூட இதைவிட மானத்தோடு சொன்னான் என்று அவருக்குத் தம்மீதே காறித் துப்பத் தோன்றியது. பல்லடத்து இளைஞனுக்குக் காட்டிய முகத்தைத் தமக்குக் காட்டாமல் விட்டால் அதைவிட ஈனம் வேறில்லை.

கூட்டத்தில் தலைவரோடு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். மனோஜ்குமார் தலைமுடிக்கு எண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவனைப்போல உட்கார்ந்திருந்தான்.

"தலைவருங்க, அந்தக் கடுதாசியை நான் திரும்ப வாங்கிக்கறேனுங்க. தராசு தப்பாத்தான் காட்டியிருக்குது. பூஜ்யம் வெச்ச கோணியை எடுத்து எறிஞ்சது நான். வெறுந்தட்டைப் பாக்காம உட்டதும் நான்" என்றார் யாகூப் பாய், நின்றபடியே. தொள்ளாயிரம் கிராம் கணக்கையும் சொன்னார்.

அடுத்த நொடியே மரியாதை பொங்கி வழியத் தொடங்கியது.

"அட உக்காருங்க பாய்" என்றார் லட்சுமணசாமி. "அஞ்சரை மணிக்குங்க, மார்கழிப் பனி வேற. ஒத்த டியூப் லைட்டு. உங்க மேல என்னங்க தப்பு?"

"சரவணன் சொல்லியிருக்கோணுமல்லங்க" என்றார் ஓர் உறுப்பினர்.

"எழுவது பேரை நிறுத்துப் பாத்தா யாருக்கும் கண்ணு கட்டத்தானுங்க செய்யும்" என்றார் மற்றவர்.

விருந்தாளிக்குக் காப்பியில் சர்க்கரை போடுவதைப்போல ஆளுக்கொரு கரண்டி போட்டார்கள். எதையும் அவர் கேட்கவில்லை. எதையும் வேண்டாம் என்று சொல்லவும் அவர்கள் விடவில்லை.

மனோஜ்குமார் எழுந்துவிட்டான். "பாத்தீங்களா! நான் அன்னைக்கே சொன்னேனல்லங்க! தங்கப் பதக்கம் எனக்குத்தானுங்க வரோணும்!"

யாகூப் பாய் அவன் பக்கம் திரும்பினார். "இரு கண்ணு. வெள்ளகோவில்ல இருந்து கெளம்பறப்ப எத்தனை இருந்தே?"

"கரெக்டா அறுவதுங்க. பஸ் ஸ்டாண்டுத் தராசுல பாத்துட்டுத்தான் வந்தேன்."

"என்கிட்ட ஏறுனப்ப?"

"அம்பத்தொம்பது புள்ளி ஒண்ணு."

"ஒரு மணி நேரத்துல தொள்ளாயிரம் கிராம் எங்க போச்சு?"

"தராசு கம்மியாக் காட்டுதுன்னு தெரிஞ்சுதுங்க... நமக்கு நல்லதுதானேன்னு..."

"அப்பறம் என்ன பண்ணுனே?"

"சாப்புடப் போயிட்டேனுங்க. நாலு இட்லி, ரெண்டு வடை."

உறுப்பினர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இட்லிக்கு முன்னால சொல்லியிருந்தா அது புகாரு. அந்தப் பையனை நானே வெளிய அனுப்பியிருப்பேன். தெரிஞ்சே வாயை மூடிட்டு, தின்னுபோட்டு, மூஞ்சி வீங்குன பொறகு சொன்னே பாரு, அதுக்கு வேற பேரு." யாகூப் பாய் தலைவரைப் பார்த்தார். "ஆனா என் தப்பு தப்புத்தானுங்க. அந்தச் சண்டை செல்லாது. திருப்பி நடத்தோணும்."

லட்சுமணசாமி நாட்காட்டியைப் புரட்டி, பதினைந்து நாள் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். மனோஜ்குமாரின் முகத்திலிருந்த வெற்றிக்களை எங்கோ போய்விட்டது.

"மறுபடியுமுங்களா? அந்த ஞாயித்துக்கெழமை மச்சானுக்குக் கல்யாணமுங்க. அடுத்த வாரம் தோள்பட்டைக்கு ஸ்கேன் எடுக்கோணும். தவிர இப்ப தறி ஓட்டறதுக்கு ஆளு வேற இல்லீங்க..."

தோற்ற பிறகு காரணம் சொன்னவர்களை யாகூப் பாய் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். மேடை போடுவதற்கு முன்பே தொடங்குபவனை இப்போதுதான் பார்த்தார். அவனோடு பேச ஒரு சொல்லும் வீணாக்கத் தோன்றவில்லை.

தலைவர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உரக்கப் படித்தார்: "அதிகாலை நேரத்து வெளிச்சக் குறைவாலும் பணிச்சுமையாலும் எடை பார்ப்பதில் சிறு தவறு நேர்ந்துவிட்டது." உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

யாகூப் பாய் புத்தகத்தை வாங்கி அந்த வரியை முழுவதும் அடித்தார். கீழே எழுதினார்: "கோணியை எடுத்தவர் யாகூப். வெறுந்தட்டை அவர் பார்க்கவில்லை. இனி அவர் எடை பார்க்கமாட்டார்." ஒப்பமும் இட்டார்.

லட்சுமணசாமியின் முகம், பரிமாறிய இலையைத் தள்ளிவிட்டு எழுந்த விருந்தாளியைப் பார்த்ததுபோலச் சுருங்கியது. "ஏனுங்க பாய், உங்களுக்கு மருவாதியா இருக்கட்டும்னுதானுங்க எழுதுனேன்."

"தெரியுதுங்க. அந்த மருவாதிதானுங்க வேண்டாம். வாரேனுங்க."

வாசலில் மனோஜ்குமார் கைப்பேசியில் யாரிடமோ அளந்துகொண்டிருந்தான். "ஆமாங்க மாமா, தராசு தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. பாவம், வயசாயிருச்சல்லங்க, கண்ணு சரியாத் தெரியலையாமா..."

யாகூப் பாய் நின்றார். செருப்பை மாட்டியபடியே சொன்னார்:

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. பாக்கலை. அப்படியே சொல்லு."